கேக்கில் இருந்த இரண்டு எழுத்து

மேசைமேல் கேக் பெட்டியை வைத்த பெண்ணைப் பார்த்து, "யாருக்குங்க பொறந்த நாளு?" என்று கேட்டேன். என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும் என்று சாஜிதா மேடம் பத்து வருடமாகச் சொல்லிவருகிறார். அவர் சொல்வது நியாயம்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கே பட்டது.

"எங்கப்பாவோட ரிட்டயர்மென்ட் கேக்குங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெட்டினாங்க. சனிக்கிழமை காலைல அப்பா களைக்கொல்லியைக் குடிச்சுட்டாரு."

நான் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

எங்கள் ஆபீஸ் ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருக்கிறது. சாஜிதா பேகம் பதினெட்டு வருடம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். வாக்குமூலங்களைத் தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றும் வேலை. யார் எந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே பழகிப்போய், வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்துவிட்டார். நான் ஆரோன். முன்னாள் மெடிக்கல் ரெப். மருந்து விற்கத் துப்பில்லாததால் மேடத்துக்கு ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், அவ்வப்போது வாயையும் ஓட்டுகிறேன்.

வந்தவர் பெயர் ஜெனிஷா. ஸ்கூல் டீச்சர். அப்பா ஆரோக்கியதாஸ், கணபதியில் ஒரு மோட்டார் கம்பெனியில் பிரஸ் செக்‌ஷன் சூப்பர்வைசர். மூன்று வாரத்துக்கு முன் அந்த செக்‌ஷனில் மனோஜ்குமார் என்ற இருபத்திரண்டு வயதுப் பையன் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் சிக்கி இறந்துபோனான். கை உள்ளே போகாமல் தடுக்கும் சேஃப்டி கார்டை யாரோ கழற்றியிருந்தார்கள். கழற்றியது நான்தான் என்று எழுதிக் கொடுக்கும்படி கம்பெனி ஆரோக்கியதாஸை நெருக்கியது. அவர் மறுத்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு வாரமா அசையலீங்க," என்றார் ஜெனிஷா. "வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கேக்கு வெட்டினாங்க. அஞ்சரை மணிக்கு அப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு. அந்த ஒண்ணரை மணி நேரத்துல என்ன ஆச்சுன்னு தெரியலீங்க."

"அப்பா என்ன சொல்றாரு?"

"பேசறதே இல்லீங்க. நெனவு நல்லாத்தான் இருக்குது. செவுத்தைப் பாத்துப் படுத்துக்கறாரு. போலீஸு ரெண்டு தடவை வந்தாங்க, கண்ணைத் தொறக்கல. கிட்னி போயிருச்சு, அடுத்தது நுரையீரல்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு நாளு, மிஞ்சினா மூணு நாளு." அவர் கைக்குட்டையை எடுத்து, கண்ணைத் துடைக்காமல், மடியிலேயே வைத்துக்கொண்டார். "அப்பா பொழைக்க மாட்டாருன்னு தெரியுமுங்க. ஒரு பையனைக் கொன்னவருங்கற பேரோட போயிரக் கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கறது."

மேடம் பெட்டியைத் திறந்தார். பாதிக் கேக் மீதி இருந்தது. வெள்ளைக் கிரீம் வறண்டு வெடித்திருந்தது. கீழ்ப் பகுதியில் நீலக் கிரீமில் 'ஆரோக்கியதாஸ் சார்' என்று தமிழில் எழுதியது அப்படியே இருந்தது. அதற்கு மேலே மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு யாரோ கத்தியால் சுரண்டி, கேக்கின் பழுப்பு நிறம் தெரிந்தது.

"இதை யாரு சுரண்டினது?"

"அப்பாதானுங்க. ஊட்டுக்கு வந்ததும் சமையக்கட்டுல நின்னு சுரண்டிட்டு இருந்தாரு. கிரீமு சாப்பிடறாரோன்னு சத்தம் போடப் போனேன். தண்ணிக் குழாயில கழுவி ஊத்திட்டாரு. அப்பாவுக்குச் சுகருங்க. சுகரு வர்றதுக்கு முந்தியே கிரீமுன்னா ஆகாது, நாக்குல பிசுபிசுங்குதும்பாரு."

"பிடிக்கலைன்னா கேக்கைத் தூக்கி எறியலாம்," என்று மேடம் தனக்குள் பேசுவதைப் போலச் சொன்னார். "தன் பேரை விட்டுட்டு, மேல இருந்ததை மட்டும் எதுக்குக் கழுவணும்? என்னம்மா எழுதியிருந்துச்சு?"

"நான் பாக்கலீங்க."

மேடம் சுரண்டிய இடத்தின் மேல் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். "பெரிய எழுத்தா ரெண்டு. அதுக்கு மேல எடமில்லை. வண்டியை எடு ஆரோன்."

கம்பெனி மேனேஜர் கோவிந்தராஜுலு எங்களை எழுந்து நின்று வரவேற்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பேச்சில் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஓர் 'ங்க' தொங்கியது. அந்த அறையில் ஏசி ஓடிய சத்தத்தையும் மீறி, கீழே பிரஸ் மெஷின் இடிப்பது காலில் தெரிந்தது.

"தங்கமான மனுசருங்க," என்றார். "மனசாட்சி உறுத்தியிருக்குது. அவரா வந்து கையெழுத்துப் போட்டாரு. நாங்க யாரும் ஒரு வார்த்தை சொல்லலீங்க."

"ரெண்டு வாரமா உறுத்தாத மனசாட்சி கேக்கு வெட்டினதும் உறுத்திச்சுங்களா?" என்றேன். மேடம் என் காலை மிதித்தார்.

மேனேஜர் கோபப்படவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்து எங்கள் பக்கம் நகர்த்தினார். "உங்ககிட்டச் சொல்றதுல தப்பில்லீங்க. எண்பத்தொன்பதுல மில் ஸ்டிரைக் தகராறுல ஒரு ஆளைக் கத்தியில குத்தி, மூணு வருசம் உள்ள இருந்தவருங்க இவரு. எங்க பழைய முதலாளி பாவம் பாத்து வேலை குடுத்தாரு. இந்த ஃபைலு என்கிட்ட மட்டும்தான் இருக்குது. பசங்களுக்குத் தெரியாது, அவரு மகளுக்கே தெரியாதாம். நானும் இத்தனை வருசம் வெளிய விட்டதில்லீங்க."

இப்போது விட்டுவிட்டாயே என்று நினைத்தேன். பூட்டு ஞாபகம் வந்ததால் சொல்லவில்லை.

"கேக்குல என்ன எழுதியிருந்துச்சுங்க?" என்று மேடம் கேட்டார்.

"ஏதோ இங்கிலீசு எழுத்துங்க. பசங்க எழுதினது. இந்தக் காலத்துப் பசங்க பாஷையெல்லாம் நமக்கு வெளங்காதுங்களே." சிரித்துக்கொண்டே காபிக் கோப்பையை எடுத்துக் குடித்தார்.

வெள்ளைக் கோப்பை. மேலே மஞ்சளில் ஒரு கிரீடம். அதன் கீழே வளைத்து வளைத்துப் போட்ட இங்கிலீஷ் எழுத்தில் 'ஓ சி அப்பா' என்று இருந்தது. படியிறங்கும்போது மேடத்திடம் சொன்னேன்.

"பாத்தீங்களா மேடம்? ஓசிக் காபி குடிக்கிற அப்பான்னு மகளே எழுதிக் குடுத்திருக்குது. குடும்பத்துல ஒருத்தராவது உண்மை பேசறாங்க."

மேடம் சிரிக்கவில்லை. "ஓசிங்கற வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியுமா? வெள்ளைக்காரக் கம்பெனி காலத்துல, கம்பெனித் தபால்ல ஓ.சி.ன்னு முத்திரை குத்துவாங்களாம், ஸ்டாம்பு ஒட்ட வேண்டியதில்லைன்னு. அதுவே இனாமுக்குப் பேராயிருச்சுன்னு சொல்லுவாங்க. எழுத்து அங்கேயேதான் நிக்கும். அர்த்தம் ஊர் சுத்தப் போயிரும்."

"ஓசியில ஒரு பாடம்," என்றேன்.

கேக் பெட்டியில் கடையின் சீல் இருந்தது. கணபதி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே சின்ன பேக்கரி. அப்துல் நாசர் பாய் கல்லாவில் உட்கார்ந்து பன்னுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து காட்டியதும் முகம் சுருங்கியது.

"நான் எழுதினதுதானுங்க. ஆரு இப்படிச் சொரண்டினது?"

"என்ன எழுதினீங்க பாய்?"

"ஓ, ஜி. ரெண்டே எழுத்து. மொதல்ல நான் தப்பா ஓ, சி-ன்னு போட்டுட்டேன். 'பாய், ஓசின்னு எழுதிப்போட்டீங்களே, சாரு ஓசிக் கேக்குன்னு நெனச்சுக்குவாரு'ன்னு பசங்க ஒரே சிரிப்பு. அப்புறம் சி-க்குக் கீழ ஒரு வாலு இழுத்துவிட்டு ஜி ஆக்கினேன்."

"ஓ ஜின்னா என்னங்க அர்த்தம்?"

"எனக்கென்னங்க தெரியும். கடையில நின்ன ஒரு காலேஜ் தம்பி போன்ல தட்டிப் பாத்துச் சொன்னாரு. ஒரிஜினல் கேங்ஸ்டராம். அமெரிக்காவுல நாப்பது அம்பது வருசத்துக்கு முந்தி ரவுடிக் கும்பல்ல, ஆரம்பத்துலேர்ந்து இருக்கிற பழைய ஆளை அப்படிக் கூப்பிடுவாங்களாம். எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. ரிட்டயராகிற மனுசனுக்கு இதையா எழுதறீங்கன்னு கேட்டேன். அதுக்கும் சிரிச்சுட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க."

வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்தேன். கிளம்பவில்லை. இன்னொரு உதை விட்டேன். அந்தப் பசங்கள் என் முன்னால் இருந்திருந்தால் அவர்களுக்கும் ஒன்று விழுந்திருக்கும்.

"ஃபைலு எப்படியோ வெளிய கசிஞ்சிருக்குது மேடம். பழைய ரவுடின்னு கேக்குலயே எழுதி, கையைத் தட்டி, பாட்டுப் பாடியிருக்கானுங்க. முப்பது வருசமா மறைச்சு வச்ச மனுசன் அதைப் பாத்தா என்ன பண்ணுவாரு?"

"இருக்கலாம்," என்றார் மேடம். "பசங்க சிரிச்சாங்கன்னு பாய் சொன்னாரே. அது என்ன சிரிப்புன்னு பாக்காம கோபப்படாதே. அப்புறம் ஒண்ணு. அந்தப் பையன்கிட்ட ஃபைலைப் பத்தி நீ வாயைத் தொறக்கக் கூடாது."

கேக்குக்கு ஆர்டர் கொடுத்தவன் பெயர் ஆதர்ஷ். இரண்டு மணி ஷிஃப்ட் முடிந்து கம்பெனி எதிரே டீக்கடைக்கு வந்தான். இருபத்தொரு வயது. நகத்தில் கிரீஸ் கறுப்பு. நாங்கள் யார் என்று சொல்லி முடிப்பதற்குள் அவனே கேட்டான்.

"ஏனுங்கக்கா, சாரு எப்படி இருக்காருங்க?"

"நீ போய்ப் பாக்கலையா தம்பி?"

"மூணு தடவை போனமுங்க. எங்க சத்தம் கேட்டாலே செவுத்துப் பக்கம் திரும்பிக்கிறாரு." டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான். "நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டமுங்களா? கேக்கு புடிக்கலீங்களோ?"

திட்டுவதற்கு என்று நான் தயார் செய்து வைத்திருந்தது எல்லாம் வீணாகப் போயிற்று.

"ஓ ஜின்னு எதுக்கு எழுதினீங்க?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

"மொத ஆளுன்னு அர்த்தமுங்க. நாங்கெல்லாம் காப்பி, அவருதான் ஒரிஜினலு. எங்களுக்கு முந்தியே இருந்தவரு, இன்னைக்கும் அவரை அடிச்சுக்க ஆளில்லைன்னு சொல்றது. கூகுள்ல போட்டா கேங்ஸ்டர்னு வருமுங்க. அது அந்தக் காலத்துல. ரவுடிங்க சொல்லி, பாட்டுக்காரங்க சொல்லி, அப்புறம் ஷூ விக்கறவங்க சொல்லி, இப்ப எங்கம்மா வெக்கற ரசத்தைக்கூட நான் ஓ ஜி ரசம்னுதான் சொல்லுவேன்." லேசாகச் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டான். "மெசின் ஓட்டக் கத்துக் குடுத்ததே அவருதானுங்க. கார்டு இல்லாம ஓட்டச் சொன்னா மெயின் சுவிச்சையே அணைச்சுப்போடுவாரு. மேனேஜர் எத்தனை கத்தினாலும் போடமாட்டாரு. அவரு லீவு போட்ட அன்னிக்குத்தான் கார்டு காணாமப் போச்சு. மனோஜு..."

டீக்கடைக்காரர் ரேடியோவைக் குறைத்தார்.

"கேக்கு வெட்டினதை வீடியோ எடுத்தீங்களா?"

எடுத்திருந்தான். பாட்டு ஒன்றைச் சேர்த்து ஸ்டேட்டஸில் போட்டிருந்ததால் பேச்சு எதுவும் கேட்கவில்லை. ஆனால் படம் தெளிவாக இருந்தது. நரைத்த மீசையும் புதுச் சட்டையுமாக ஆரோக்கியதாஸ் கையில் கத்தியோடு நிற்கிறார். சிரிக்கிறார். கேக்கைக் குனிந்து பார்க்கிறார். பக்கத்தில் நிற்கும் கோவிந்தராஜுலுவிடம் எழுத்தைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்கிறார். மேனேஜர் அவர் காதில் ஒரு வார்த்தை சொல்கிறார். பிறகு பையிலிருந்து போனை எடுத்து, தட்டி, அவர் கண்ணுக்கு முன்னால் பிடிக்கிறார்.

ஆரோக்கியதாஸின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. சுற்றி நின்ற பசங்கள் கைதட்டிக்கொண்டே இருந்தார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கேக்கை வெட்டாமல் கத்தியைக் கீழே வைத்தார். வேறு யாரோ எடுத்து வெட்டினார்கள்.

"அழுகையை அடக்கிட்டு நிக்கறாருன்னு நெனச்சமுங்க," என்றான் ஆதர்ஷ்.

மேடம் வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்டார். "ஓ ஜிங்கறது உங்க மேனேஜருக்குப் புரியுமா தம்பி?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. அவரைப் பாத்துத்தான் எங்களுக்கே யோசனை வந்துச்சு. அவரு பாப்பா அவருக்கு ஒரு கப்பு வாங்கிக் குடுத்திருக்குது, ஓ ஜி அப்பான்னு. ஆயுத பூசையன்னிக்கு எல்லாருத்துக்கும் எடுத்துக் காட்டி, 'இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமாடா, அப்பனுக்கெல்லாம் அப்பன்னு அர்த்தம்'னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். மஞ்சள் கிரீடம், வளைந்த எழுத்து, சி-க்குக் கீழே நான் பார்க்காமல் விட்ட ஒரு வால். அதை வைத்து நகைச்சுவை வேறு செய்திருந்தேன். என்மேல் எனக்கு வந்த எரிச்சலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆதர்ஷை டீக்கடையில் விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தோம்.

"இப்பவே போய் அந்தக் கோப்பையை அந்தாள் தலையிலயே உடைக்கலாம் மேடம். அர்த்தம் தெரியாதுன்னு நம்மகிட்டப் பொய் சொன்னானே."

"நம்மகிட்டச் சொன்னது பொய். ஆரோக்கியதாஸ்கிட்டச் சொன்னது?" மேடம் நின்றார். "போன்ல காட்டியிருக்கான். அகராதியில இருக்கிற அர்த்தம். எந்தக் கோர்ட்டுல போய் அதைப் பொய்யின்னு சொல்லுவே? இவன் மாதிரி ஆளுங்களை நான் கூண்டுல பாத்திருக்கேன். பொய் சொல்ல மாட்டாங்க. முப்பது வருசம் பழைய நெசத்தைப் புதுசு மாதிரி எடுத்துக் காட்டுவாங்க. அந்த மனுசனோட பழைய காயம் எங்க இருக்குன்னு ஊர்ல இவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். கேக்குல வெசம் இல்லை ஆரோன். அர்த்தத்துல கலந்து குடுத்திருக்கான்."

"என்ன பண்றதுங்க?"

"பேச வேண்டியவரு ஆஸ்பத்திரியில செவுத்தைப் பாத்துப் படுத்திருக்காரு. பையனைக் கூப்பிடு."

ஆஸ்பத்திரிக்குள் போவதற்கு முன் மேடம் ஆதர்ஷின் தோளில் கை வைத்து, "வேற எதுவும் பேச வேண்டாம். எங்ககிட்டச் சொன்ன அர்த்தத்தை மட்டும் அவருகிட்டச் சொல்லு," என்றார். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

மூன்றாம் மாடி. ஜன்னல் ஓரக் கட்டில். ஆரோக்கியதாஸ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வீடியோவில் பார்த்த மனிதரா என்று எனக்குச் சந்தேகமே வந்தது. நாலு நாளில் உடம்பு பாதியாகியிருந்தது. ஒவ்வொரு மூச்சையும் எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்தார். ஜெனிஷா ஸ்டூலிலிருந்து எழுந்து எங்களுக்கு வழிவிட்டார்.

"சார்," என்றான் ஆதர்ஷ். முதுகு அசையவில்லை. "சார், நாந்தானுங்க. கேக்குல எழுதினது பத்தி..."

அந்த முதுகு ஒரு தடவை விறைத்தது.

"ஓ ஜின்னா ஒரிஜினலுன்னுங்க சார். நாங்க அத்தனை பேரும் உங்க காப்பின்னு. உங்களுக்கு முன்னாலயும் ஆளில்லை, பின்னாலயும் ஆளில்லைன்னு. மனோஜு இருந்திருந்தாலும் அதைத்தான் எழுதச் சொல்லியிருப்பான் சார். அவன்தான் மொதல் மொதல்ல உங்களை அப்படிச் சொன்னது."

பிறகு ஆரோக்கியதாஸ் திரும்பினார். அவ்வளவு சின்ன அசைவுக்கே அவருக்கு அரை நிமிடம் ஆனது. உதடு வெந்துபோயிருந்தது. பையனைப் பார்த்தார். அவன் தோளுக்கு மேலாக மேடத்தைப் பார்த்தார். மேடம் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

அந்தக் கண்ணில் வந்ததை நான் பார்த்திருக்க வேண்டாம். சாகப் போகிறவருக்கு, சாக வேண்டியதே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"உங்களுக்குப் புடிக்கலீங்களா சார்?" என்றான் ஆதர்ஷ். "மேல எழுதினதைச் சொரண்டியிருக்குதுங்களே. கேக்குப் பெட்டியைத் தொறந்து பாத்தேன்."

நான் பல்லைக் கடித்தேன். பெட்டி ஸ்கூட்டரின் முன்பக்கத்திலேயே இருந்தது. அதை மறைத்து வைக்க எனக்குத் தோன்றவில்லை.

ஆரோக்கியதாஸ் கையை நீட்டி அவன் விரலைப் பிடித்தார். வார்த்தை வார்த்தையாகத்தான் பேச முடிந்தது.

"புடிச்சுது... கண்ணு. அர்த்தம்... அப்பவே தெரியும். அந்த எழுத்தைத்தான்... மொதல்ல வழிச்சு... தின்னுபோட்டேன்."

ஆதர்ஷ் அழுதுகொண்டே சிரித்தான். "நெசமாங்க சார்?"

"நெசம். போயி... டீ குடிச்சுட்டு வா. சாப்பிட்டிருக்க மாட்டே."

அவன் போனதும் கதவு சாத்தும் வரை காத்திருந்தார். பிறகு மகளைப் பக்கத்தில் அழைத்தார்.

"உன்கிட்ட... சொல்லாதது ஒண்ணு... இருக்குது. எண்பத்தொன்பதுல..."

"தெரியும்ப்பா," என்றார் ஜெனிஷா. "நான் பத்தாவது படிக்கறப்பவே அம்மா சொல்லிட்டாங்க. அதுக்கென்னப்பா இப்ப?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் வழிந்ததை ஜெனிஷா துடைத்தார். அந்த ஒரு ரகசியத்தைக் காப்பாற்றத்தான் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். பசங்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது, கையெழுத்துப் போட்டால் மகள் காது வரைக்கும் போகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று கேக் வெட்டிய கையோடு கோவிந்தராஜுலு அறைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கிறான். இதைச் சொல்லி முடிக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

"மாஜிஸ்திரேட்டைக்... கூப்பிடுங்க," என்றார் மேடத்திடம். "கார்டைக் கழட்டச் சொல்லி... மூணு தடவை கேட்டான். முடியாதுன்னேன். லீவு போட்ட அன்னிக்கு... கழட்டிட்டான். அந்தக் கார்டு... ஸ்டோர் ரூம்ல, பெயிண்ட் டின்னுக்குப் பின்னால. சாவி அவன்கிட்ட மட்டும்தான். மறுநாளு அவன் தொறந்தப்ப... என் கண்ணுல பட்டுச்சு. எல்லாஞ் சொல்றேன்."

"கேக்கு விசயத்தையும் சொல்லுங்க," என்றார் மேடம். "அதுதானுங்க அவன் உங்களுக்குச் செஞ்சது."

அவர் தலையை இரண்டு பக்கமும் அசைத்தார். "அதை எழுதினா... பையன் பேரு வரும். கோர்ட்டுல வாசிப்பாங்க. தான் எழுதினதைப் பாத்துத்தான்... நான் குடிச்சேன்னு... அவனுக்குத் தெரிஞ்சுரும்." மூச்சு வாங்கினார். "இருபத்தியொரு வயசுங்க அவனுக்கு. நான் இருபத்திரெண்டுல செஞ்சது... இன்னும் என்னை விடலை. வேண்டாமுங்க."

பதினெட்டு வருடம் அடுத்தவர் வாக்குமூலத்தில் ஓர் எழுத்தைக்கூட விடாமல் மாற்றியவர் மேடம். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "சரிங்க," என்றார்.

நாலு மணிக்கு மாஜிஸ்திரேட் வந்தார். நினைவு தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வாக்குமூலம் இரண்டு பக்கம் வந்தது. அதில் கேக் என்ற வார்த்தையே இல்லை. அன்று சாயங்காலமே போலீஸ் ஸ்டோர் ரூமைத் திறந்தது. பெயிண்ட் டின்னுக்குப் பின்னால் கார்டு இருந்தது. கோவிந்தராஜுலுவை அழைத்துப் போனபோது நான் வேண்டுமென்றே அந்த அறை வாசலில் நின்றேன். கோப்பை மேசைமேல் இருந்தது. இப்போது அந்த வால் நன்றாகவே தெரிந்தது. ஆனால் அதைப் பற்றி அவனிடம் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அவன் செய்ததிலேயே கேவலமான காரியம் எந்தக் காகிதத்திலும் வராது. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் ஆரோக்கியதாஸ் போய்ச் சேர்ந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் பிரஸ் செக்‌ஷன் பசங்கள்தான் பெட்டியைத் தூக்கினார்கள். மண் போட்டு முடிந்ததும் ஆதர்ஷ் ஜெனிஷாவிடம் வந்தான். கையெல்லாம் மண். என்ன சொல்லி ஆறுதல் சொல்வது என்று தெரியாமல், தன்னிடம் இருந்ததிலேயே நல்லதை எடுத்துச் சொன்னான்.

"அக்கா, சாரு அந்த எழுத்தைத்தான் மொதல்ல வழிச்சுச் சாப்பிட்டாராம். என்கிட்டச் சொன்னாருங்க."

ஜெனிஷா எங்களைப் பார்த்தார். சமையலறைக் குழாயில் நீலக் கிரீம் கரைந்து ஓடியதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"ஆமா கண்ணு," என்றார். "அப்பாவுக்குக் கிரீமுன்னா உசுரு."